தட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல்

ஜீப் கீழே, பாதை வளையும் இடத்தில் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. போன வருஷம் ஜனவரி முதல் வாரம், ஒரு திங்கட்கிழமைக் காலை. விடிந்துவிட்டது என்றாலும் ஏலத்தோட்டத்துக்குள் வெளிச்சம் தாமதமாகத்தான் இறங்கும். இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி ஞானம் வாசலில் நின்றாள். மதுரைக்குக் கட்டிக்கொண்டு போவதற்காக முந்தின நாளே எடுத்து வைத்த பச்சைச் சேலையை அவள் கட்டியிருக்கவில்லை. வீட்டில் உடுத்தும் பழைய நூல் சேலை, அதன் மேல் என்னுடைய ஸ்வெட்டர், காலில் மண் ஒட்டிய ரப்பர் செருப்பு. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அவள் கிளம்பப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜீப்பை ஓட்டி வந்தவர் எங்கள் மருமகன் செல்வம். மூணாறில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிறவர். சீசன் நேரத்தில் ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, இருட்டோடு கிளம்பி, சின்னக்கானல் பக்கம் ஆனை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்திருந்தார். நடுப்பகலுக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஞானத்தின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்க நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

அவள் அவருக்குப் பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தான் வரவில்லை என்று சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். டிசம்பர் முழுக்க நான் பார்க்காத சிரிப்பு.

"அத்தை, டீசல் ஊத்தியாச்சு. பூப்பாறை வரைக்குமாவது வாங்க. ஒரு புரோட்டா தின்னுட்டுத் திரும்பிருவோம்" என்றார் செல்வம். அவருக்குப் பயம் வந்தால் இப்படித்தான் பேசுவார்.

"நீங்க தின்னுட்டுப் போங்க மாப்பிள்ள. எனக்கு ஆண்டவர் சொல்லிட்டாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க சொல்லுங்க."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டேன். "அவ இஷ்டம்" என்றேன்.

இரண்டே சொற்கள். எழுபத்துமூன்று வயது வரைக்கும் நான் வாயால் சொன்னவற்றில் இதைவிடக் கெட்டதாக வேறொன்றும் என் நினைவில் இல்லை.

ஜீப் காலியாகத் திரும்பிப் போனது. ஞானம் கோழிகளுக்கு அரிசிக்குருணை போடப் போனாள்.

ஒரு கடிதம்

இந்தத் தொடரில் எஸ்டேட் ஆபீஸைப் பற்றி எழுதியிருக்கிறேன். மாறி மாறி வந்த மேனேஜர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு மலையேறி வந்ததையும், நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு அதே மலைக்குத் திரும்பி வந்து கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்ததையும் இரண்டு மூன்று வாரம் இழுத்தேன்.

போடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். உங்கள் கட்டுரைகளில் உங்கள் வீட்டம்மா சாப்பாடு பரிமாறுகிறார், கதவைத் திறக்கிறார், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லையே, ஏன் என்று கேட்டிருந்தார். கோபமாக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது.

அவளைப் பேசவிட்டால் இந்த விஷயம் வந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் பதில். இந்த வாரம் வந்துவிட்டது.

ஆனைக்குப் பயந்த ஆராதனை

ஊரெல்லாம் புதுவருஷ ஆராதனை நடுராத்திரியில் நடக்கும். எங்கள் சபையில் காலை எட்டு மணிக்கு. சாந்தன்பாறைக்கு மேலே, தோட்டத்துக்கு நடுவில் ஒரு தகரக் கூரைச் சர்ச். ராத்திரி அந்தப் பாதையில் மனுஷரைவிட ஆனைகளுக்கு உரிமை அதிகம். ஒரு வருஷம் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஒற்றைக் கொம்பன் ஒன்று வாழைத்தாரைத் தின்றுகொண்டு வாசலில் நின்றது. விடியும்வரை எல்லோரும் உள்ளேயே பாடிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு காலை என்று மாற்றிக்கொண்டோம்.

அந்த ஆராதனையின் கடைசியில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம் அச்சடித்திருக்கும். ஒரு பெரிய பித்தளைத் தட்டில் அவற்றைக் கவிழ்த்து வைத்திருப்போம். ஜெபித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து ஒன்றை எடுப்பார்கள். கையில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த ஆளுக்குச் சொன்ன சொல். யாரும் பார்த்து எடுக்கக் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. இது எங்கும் எழுதிவைத்த சட்டம் இல்லை என்றாலும் அதை மீறியவர்கள் இல்லை.

இதில் வேடிக்கையும் உண்டு. எழுபது வயதில் பேரன் பேத்தி எடுத்துவிட்ட சாலமோன் மேஸ்திரிக்கு ஒரு வருஷம், உன் சந்ததியைப் பெருகப்பண்ணுவேன் என்கிற மாதிரி ஒரு வசனம் வந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் அதைச் சத்தமாக, எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து, "அந்தச் சீட்டைக் கீழ வையும் ஓய்" என்றாள். போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

ஞானம் தன் அட்டையை அரிசி டின்னின் மூடியில் ஒட்டிவைப்பாள். இரண்டு வேளையும் அரிசி அளக்கும்போது ஒரு தரம் வாசிப்பாள். வருஷம் முடிந்ததும் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவாள். மூடியில் பசையின் தடம் தடிப்பாக இருக்கும்.

தட்டு பிடிக்கிறவன்

தட்டை முப்பத்தொரு வருஷம் நான்தான் பிடித்தேன். கிளார்க்கையா கை ஆடாது, யாருக்கும் ஓரவஞ்சனை காட்டமாட்டார் என்று சபையில் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளாத பெருமை என்பதால் அது பெருமையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் காகிதங்களை அடுக்குவது ஒரு வித்தை. மேனேஜர் மேஜைக்குப் போகும் கட்டுக்குள் எது மேலே, எது மூன்றாவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்கும் ஒரு தொழிலாளியின் மனுவைத் தனியாகக் கொண்டுபோனால் துரை முகம் சுளிப்பார். அவருக்குப் பிடித்த இரண்டு காகிதங்களுக்கு அடியில் வைத்தால் அதே வேகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் தானாகச் செய்ததாகத்தான் நினைப்பார். இப்படி எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறேன். அதை நான் தந்திரமாக நினைத்ததே இல்லை. நல்ல காரியத்துக்குக் காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்திவைப்பது, அவ்வளவுதான்.

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில், குளிக்கும்போது ஞானம் அந்தக் கட்டியைக் கண்டாள். பத்து நாள் என்னிடம் சொல்லவில்லை. சொன்ன பிறகு தேனியில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மதுரைக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். திரும்பி வரும்போது போடிமெட்டுச் சாலையில் பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. பாடிக்கொண்டே பாத்திரம் விளக்குகிறவள் பாட்டை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு மாவு பிசைந்தவள் பாதியில் கையை எடுத்துவிட்டு, "ஏங்க, எனக்கு அந்த ஊசியை நினைச்சாலே பயமா இருக்கு. நான் எப்படிப் போவேன்?" என்று கேட்டாள். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

டிசம்பர் கடைசி நாள் மாலை. சர்ச்சில் நான் மட்டும் இருந்தேன். மதுரையிலிருந்து வந்த அட்டைக் கட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அட்டை கையில் வந்தது. சுகமும் நீண்ட ஆயுசும் தருவதாகச் சொல்கிற வசனம். அதை இங்கே எடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. வசனத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதைத் தனியாக எடுத்து வைத்தேன். மறுநாள் காலை தட்டைக் கையில் எடுத்தபோது அதை வலது ஓரத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். வரிசையில் ஞானம் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். மேலே கிடந்தவற்றின் மேல் அந்த ஒன்றை விரலால் தள்ளினேன். தட்டை அரை அங்குலம் சாய்த்தேன். அவள் கை அதன் மேல்தான் பட்டது.

அவள் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

என்ன நினைத்தேன், என்ன நடந்தது

அந்தத் தைரியத்தில் அவள் மதுரைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஞாயிறு சாயங்காலம் சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அவர் இவ்வளவு தெளிவாச் சொன்ன பிறகும் நான் பரிசோதனைக்குப் போய் நின்னா, அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது ஆண்டவர் கொடுத்தது இல்லை, நான் தள்ளிவிட்டது என்று ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள். மறுநாள் காலை பச்சைச் சேலையைக் கட்டியிருப்பாள்.

ஏன் சொல்லவில்லை? சபை மூப்பர், தட்டில் கள்ளத்தனம் செய்தவன் என்று மனைவியின் கண்ணில் ஆகிவிடுவேனே என்ற வெட்கம் ஒன்று. அந்தச் சிரிப்பைப் பறிக்க மனம் வராதது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசமானது. என் கட்டைவிரலையும் ஆண்டவர் பயன்படுத்தியிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியானால் நான் செய்தது அவர் சித்தம்தானே. படித்தவனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள நல்ல நல்ல வாக்கியங்கள் கிடைக்கும்.

ஆகவே ஜீப் வந்த காலையில், அவ இஷ்டம் என்றேன்.

ஜீப் போன பிறகு ஐந்து மாதம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். அல்லது நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டாள். வலியை வாய்வுப் பிடிப்பு என்றாள். கை வீங்கியதை ஏலக்காய் பறித்ததால் என்றாள். மகள் பியூலா மூணாறிலிருந்து வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சண்டை போடுவாள். அவள் அங்கே ஒரு தேயிலைக் கடையில் சூப்பர்வைசர், நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். அம்மாவிடம் மட்டும் அந்த அதட்டல் செல்லாது. ஞானம் அவளை அரிசி டின்னுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் மூடியைக் காட்டுவாள். பியூலா என்னைப் பார்ப்பாள். நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வேன்.

ஜூன் மழையில் ஒரு நாள் ஞானத்தால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அப்போதுதான் மதுரைக்குப் போனோம். பெண் டாக்டர் ஒருவர், என் மகள் வயதுதான் இருக்கும், காகிதங்களைப் பார்த்துவிட்டு, தேனியில் கடிதம் கொடுத்து இத்தனை மாதம் ஆகியிருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நோய் முதுகெலும்பு வரைக்கும் போயிருந்தது.

ஒன்பது நாள் அங்கே இருந்தோம். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, பியூலா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, ஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அவர் சொன்ன சொல் மாறாதுல்ல? அப்போ என் விசுவாசம்தான் பத்தலையோ?"

நான் சொன்னது: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கஞ்சி ஆறிரும், குடி."

அக்டோபர் கடைசியில் வீட்டில் இறந்தாள். மழையில் குழி நிறைந்துகொண்டே இருந்தது. வாளியால் இறைத்துவிட்டுத்தான் இறக்கினார்கள்.

மகளின் கோபம்

மதுரையிலிருந்து திரும்பிய பிறகு பியூலா சர்ச்சுக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவின் அடக்க ஆராதனைக்குக்கூட வாசலில்தான் குடையோடு நின்றாள். உறவுக்காரர்கள் கூப்பிட்டதற்கு, அம்மாகிட்ட பொய் சொன்னவரு வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது ஆண்டவரை. அதைக் கேட்டுக்கொண்டு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. என்னால் ஜெபிக்க முடியவில்லை. விசுவாசம் போய்விட்டதா என்றால் இல்லை. போயிருந்தால் ஒருவேளை தூங்கியிருப்பேன். அவர் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறார், என் பழியைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. குளிக்கக்கூட அலுப்பு. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் பாதியில் போதகர் வந்தார். கன்னியாகுமரிப் பக்கத்து இளைஞர், பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். தட்டு பிடிக்க இந்த வருஷமும் நான்தான் வர வேண்டும் என்றார். முட்டிவலி என்றேன். நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"நீங்க பிடிச்சாத்தான் ராசின்னு சபையில பேசுறாங்க அண்ணாச்சி. அந்த வார்த்தை நமக்கு ஆகாதுதான். ஆனாலும் சொல்றாங்களே."

வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். மனைவியை இழந்த துக்கம் என்று எடுத்துக்கொண்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வருஷக் கடைசிக்குப் பியூலா வந்தாள். செல்வத்துக்கு ஓட்டம் இருந்ததால் வரவில்லை. அப்பா தனியாகப் புதுவருஷத்தைப் பார்க்கக் கூடாது என்று அவள் மட்டும் இரண்டு பஸ் மாறி வந்தாள். வீட்டை ஒழுங்கு செய்தாள். அம்மாவின் சேலைகளைப் பிரித்து அடுக்கினாள். அரிசி அளக்கும்போது மூடியை முகம் திருப்பிக்கொண்டு திறந்தாள். ராத்திரி சாப்பாட்டின்போது மறுநாள் நான் சர்ச்சுக்குப் போவதாக இருந்தால் வெந்நீர் போட்டு வைப்பதாகவும், தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னாள்.

புதுவருஷக் காலை

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு, பிரசங்கம், எல்லாம் தூரத்தில் எங்கோ நடப்பதுபோல் இருந்தது. போன வருஷத்தின் பாடுகளைக் கடந்து வந்தவர்கள் எழுந்து நின்று நன்றி சொல்லலாம் என்று போதகர் சொன்னபோது இரண்டு மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அட்டை எடுக்கும் நேரம் வந்தது. சாலமோன் மேஸ்திரியின் மகன் தட்டைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பழக்கமில்லை. தட்டை எட்டத்தில், இரண்டு கையாலும் அடியில் தாங்கி, கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான். ஒவ்வொருவராகப் போனார்கள். கண்ணை மூடி எடுத்தார்கள். ஒரு பெண் எடுத்துப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு என்ன கஷ்டமோ, எனக்குத் தெரியாது. அந்த வசனம் யார் விரலும் படாமல் அவளுக்கு வந்தது.

என் வரிசை எழுந்தது. நானும் எழுந்தேன். நடைவழியில் முன்னால் போகாமல் பின்னால் திரும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பியூலா முற்றத்தில் மிளகு மிதித்துக்கொண்டிருந்தாள். கொடியிலிருந்து பறித்த மிளகுச் சரங்களைப் பாயில் பரப்பி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலால் மிதித்து மணியைப் பிரிக்கிற வேலை. பச்சை மிளகின் காரம் காற்றில் இருந்தது. அதற்குள் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னேன். முட்டிவலியா என்றாள்.

"இல்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். அட்டைக் கட்டுக்குள்ளிருந்து அந்த ஒன்றை எடுத்தது, ஓரத்தில் வைத்தது, விரலால் தள்ளியது. முதலில் அவள் மிதித்துக்கொண்டே கேட்டாள். பிறகு கால்கள் நின்றுவிட்டன.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

வலது கையைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"மதுரையில ஒன்பது நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. அப்பவும் சொல்லலையா?"

"இல்லம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்காததையும் சொன்னேன். தன் விசுவாசம் பத்தவில்லையோ என்று அவள் அம்மா கேட்டதையும், கஞ்சி குடி என்று நான் சொன்னதையும்.

அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்காலெல்லாம் மிளகு ஒட்டியிருந்தது. "அப்போ அம்மா தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டுப் போயிருக்கா" என்றாள். கேள்வியாக இல்லை. அவள் குரலில் தேயிலைக் கடைச் சூப்பர்வைசர் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

ஆண்டவர் பொய் சொல்லவில்லை, சொன்னது நான்தான், அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் தலையைத் தூக்கினாள்.

"நான் ஊர் பூரா அவரைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க எல்லாத்தையும் அவர் தலையில போட்டுட்டு, முன்வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களாப்பா?"

ஆறு மாதத்தில் அவள் ஆண்டவர் பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. அதைக் கவனித்தேன். அவள் கவனித்தாளா, தெரியாது.

மத்தியானம்

புதுவருஷத்துக்கென்று கோழிக்கறி வைத்திருந்தாள். பரிமாறினாள். எனக்குப் போட்டுவிட்டு அடுக்களையில் போய்த் தனியாகச் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

பையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் போக வேண்டும் என்றும் நினைத்தேன். அறைக்குள் அவள் நடமாடுகிற சத்தம் கேட்டது. பிறகு வாசலில் நின்று போனில் பேசினாள். செல்வத்திடம்தான்.

"இல்லங்க, இன்னைக்கு வரலை. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு. அப்பாகூடச் சண்டை போட வேண்டியிருக்கு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைக் கேட்டாள். "எத்தனை நாள்னா எனக்கு எப்படித் தெரியும்? பெரிய சண்டை. கடையில லீவு சொல்லிருங்க."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து மேஜையில் டொக்கென்று வைத்தாள். நான் விழுங்கும்வரை நின்றாள்.

"ஆறு மாசமா அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டுக் கிடந்தேன். கேட்டதுக்கு ஒரு பதிலும் வரலை. இனிமே உங்ககிட்டதான் கேப்பேன். நீங்க பதில் சொல்லியாகணும். இன்னைக்குக் கேப்பேன், அடுத்த மாசம் வந்து அதையே திருப்பியும் கேப்பேன். அதனால இந்த வருஷம் செத்துக்கித்துப் போயிராதீங்க."

அவள் சிரிக்கவில்லை. சரிம்மா என்றேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு மறுபடியும் முற்றத்துக்குப் போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியிலேயே கண்ணை மூடினேன். இரண்டு மாதமாக வராத ஜெபம் வந்தது. மன்னிப்பை அன்று கேட்கவில்லை. அதைக் கேட்கிற இடத்துக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. அவள் திட்டி முடிக்கிறவரைக்கும் என்னை உயிரோடு வைத்திரும் என்று மட்டும் கேட்டேன்.